சின்னப் பிள்ளைகளோடு திருவிழாக்களும் திருக்காலங்களும்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஞாயிறு மறைக்கல்வி முடிந்து பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் அப்பா அம்மாக்கள் வகுப்பு வாசலில் நின்று சந்தேகம் கேட்பார்கள். கிறிஸ்து பிறப்புக்குத் தயாரிக்கும் திருவருகைக் காலம் நெருங்கும்போது சில கேள்விகள், இயேசுவின் உயிர்ப்புக்குத் தயாரிக்கும் தவக்காலத்துக்கு முன்னால் சில கேள்விகள். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே எழுதிப் பதிலும் சேர்த்திருக்கிறேன். பத்து வயது வரையுள்ள பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியது இது. திருச்சபைச் சட்டம் வரும் இடங்களில் அது சொல்வதைச் சொல்லியிருக்கிறேன். மற்றதெல்லாம் என் கருத்து.

திருவழிபாட்டு ஆண்டுன்னு சொல்றீங்களே டீச்சர், அது ஜனவரியில தொடங்காதா?

இல்லை, திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று தொடங்கும். அந்த ஞாயிறு நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் வரும். அப்புறம் கிறிஸ்து பிறப்புக் காலம், கொஞ்ச நாள் பொதுக்காலம், தவக்காலம், பாஸ்கா முப்பெரும் நாள்கள் (பெரிய வியாழன் மாலை முதல் உயிர்ப்பு ஞாயிறு வரை), பாஸ்கா காலம், திரும்பவும் நீண்ட பொதுக்காலம் என்று போய், கிறிஸ்து அரசர் பெருவிழா வாரத்தோடு முடியும்.

இந்த வரிசையைச் சின்னப் பிள்ளைக்கு மனப்பாடம் செய்விக்க வேண்டாம். நிறத்தைக் காட்டுங்கள். திருவருகைக் காலத்துக்கும் தவக்காலத்துக்கும் ஊதா, கிறிஸ்து பிறப்புக்கும் பாஸ்காவுக்கும் வெள்ளை, பொதுக்காலத்துக்குப் பச்சை, தூய ஆவியார் பெருவிழாவுக்கும் மறைச்சாட்சிகளுக்கும் சிவப்பு. கோவிலுக்குள் நுழையும்போது, "சாமியார் இன்னைக்கு என்ன கலர் போட்டிருக்கார், பார்த்துச் சொல்லு" என்றால் போதும். மூன்று வயதுப் பிள்ளைகூட எட்டிப் பார்க்கும். வீட்டில் செபம் சொல்லும் இடத்திலும் அதே நிறத்தில் ஒரு துணியை விரித்து வையுங்கள். காலம் மாறும்போது துணியை மாற்றும் வேலை பிள்ளையுடையதாக இருக்கட்டும்.

காலண்டர்ல தினமும் ஒரு புனிதர் இருக்காரே, எல்லாத்தையும் வீட்ல கொண்டாடணுமா?

வேண்டவே வேண்டாம். திருச்சபையே எல்லா நாளையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. பெருவிழா, விழா, நினைவு என்று படி வைத்திருக்கிறது. நினைவு நாள்களிலும் சில கட்டாயம், சில விருப்பம்.

முதலில் ஞாயிற்றுக்கிழமையைப் பிடித்துக்கொள்ளுங்கள். திருச்சபையின் முதல் திருவிழா அதுதான். கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடத் தொடங்குவதற்கு மிக முன்பே கிறிஸ்தவர்கள் ஞாயிறுதோறும் உயிர்ப்பைக் கொண்டாடினார்கள். ஞாயிறு வீட்டில் மற்ற நாளைப்போலவே கழிந்துவிட்டால், வருடத்துக்கு இருமுறை பெரிதாகச் செய்யும் எதுவும் பிள்ளையின் மனதில் ஒட்டாது. ஞாயிறுக்கு அடுத்து கிறிஸ்து பிறப்பு, உயிர்ப்பு, தூய ஆவியார் பெருவிழா, மரியாவின் ஒரு விழா, உங்கள் பங்கின் பாதுகாவலர் விழா. தொடங்குவதற்கு இது தாராளம்.

இன்னொன்று. இந்த வருடம் செய்ததையே அடுத்த வருடமும் செய்யுங்கள். பெரியவர்களுக்குத்தான் புதுமை வேண்டும். சின்னப் பிள்ளைக்கு "போன தடவ மாதிரியே" என்பதில்தான் மகிழ்ச்சி. வருடா வருடம் புதிதாக ஏதாவது கண்டுபிடிக்க நினைக்கும் பெற்றோர் சீக்கிரம் களைத்துப்போய், மொத்தத்தையும் விட்டுவிடுகிறார்கள்.

பிள்ளைக்கு ரெண்டு வயசுதான் ஆகுது. இப்பவே இதெல்லாம் புரியுமா?

புரிவது அப்புறம் வரும். இப்போது கண்ணும் காதும் மூக்கும் வாங்கிக்கொள்கின்றன. மெழுகுதிரி வெளிச்சம், தூபத்தின் வாசனை, எல்லோரும் சேர்ந்து முழங்காலில் இருப்பது, அப்பா சிலுவைக்கு முத்தம் கொடுப்பது எல்லாம் உள்ளே போய்த் தங்கும். பேச்சு வருமுன்னே கையைக் கொண்டுபோய் நெற்றியில் வைத்துச் சிலுவை அடையாளம் வரையப் பார்க்கும் பிள்ளைகளை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

இந்த வயதுக்கு ஒன்றே ஒன்று செய்வதானால் இதைச் செய்யுங்கள்: இரவு தூங்கப் போகும்முன் பிள்ளையின் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை வரைந்து ஆசீர் கொடுங்கள். திருமுழுக்கு அன்று குருவானவரும் பெற்றோரும் ஞானப்பெற்றோரும் அந்த நெற்றியில் வரைந்த அதே அடையாளம்தான். இதற்குக் குருப்பட்டம் தேவையில்லை. விழா நாளானால் அந்த விழாவின் பெயரையும் சேர்த்துக்கொள்ளலாம்: "இன்னைக்கு மாதா விழா, மாதா உன்னைப் பாத்துக்கட்டும்." அவ்வளவுதான்.

கைக்குழந்தையை வெச்சுக்கிட்டுப் பெருவிழாப் பூசைக்கு வர முடியல. பாவமா டீச்சர்?

தாய்மார்கள் கலங்கிப்போய்க் கேட்கும் கேள்வி இது. பாவம் இல்லை. ஞாயிறு, கடன் திருநாள் திருப்பலியில் பங்கெடுக்க முடியாமைக்குத் தக்க காரணங்களைச் சொல்லும்போது, கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் நோயையும் கைக்குழந்தையைக் கவனிப்பதையும் எடுத்துக்காட்டாகவே குறிப்பிடுகிறது (எண் 2181). முந்தின நாள் மாலைத் திருப்பலிக்குப் போனாலும் கடன் நிறைவேறும். கணவனும் மனைவியும் ஆளுக்கு ஒரு பூசை என்று மாற்றி மாற்றிப் போகலாம். பிள்ளையைப் பொறுத்தவரை, ஏழு வயது நிறைவடைந்து விவரம் தெரியும்வரை இந்தச் சட்டம் அதைக் கட்டுப்படுத்தாது.

அதற்காகப் பிள்ளையைக் கோவிலுக்கே கொண்டுவராமல் இருக்கவும் வேண்டாம். முன் வரிசையில் உட்காருங்கள். பின்னால் உட்கார்ந்தால் பிள்ளைக்குத் தெரிவது முன்னால் நிற்பவர்களின் முதுகு மட்டும்தான், அதில் அழாமல் என்ன செய்யும்? அழுதால் வெளியே கொண்டுபோய்ச் சமாதானம் செய்து திரும்ப வாருங்கள். சிறுவர் திருப்பலிகளுக்காக 1973-ல் உரோமை வெளியிட்ட வழிகாட்டி ஏடு, திருப்பலியில் பங்கேற்க இயலாத மழலைகளைக் கடைசியில் உள்ளே கொண்டுவந்து எல்லோருடனும் ஆசீர் பெறச் செய்யலாம் என்கிறது. கடைசி ஆசீருக்காக மட்டும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வருவதும் வீணில்லை.

அந்த நாலு மெழுகுதிரி வளையம் வீட்ல எப்படி வைக்கறது? எப்போ எதைக் கொளுத்தணும்?

திருவருகைக் காலத்தின் நான்கு ஞாயிறுகளுக்காக வைக்கும் வளையம் அது. பச்சை இலைகளால் ஒரு வட்டம். அதில் மூன்று ஊதாத் திரி, ஒரு ரோஜா நிறத் திரி. முதல் ஞாயிறு ஒன்று, இரண்டாம் ஞாயிறு இரண்டு என்று கூட்டிக்கொண்டே போக வேண்டும். மூன்றாம் ஞாயிறு மகிழ்ச்சி ஞாயிறு. அன்றுதான் ரோஜா நிறத் திரியைக் கொளுத்துவது. அந்த நிறத்தில் திரி கிடைக்காவிட்டால் நான்கையும் வெள்ளையாக வைத்து, அடியில் நிறத் துணியோ காகிதமோ சுற்றிவிடுங்கள். இலை இல்லாவிட்டால் பிள்ளைகள் வெட்டி ஒட்டிய காகித இலை போதும்.

இது பிள்ளைகளுக்காகவே வந்த வழக்கம் என்பதில் எனக்குத் தனிப் பிரியம். 1839-ல் ஹாம்பர்க்கில் ஏழைச் சிறுவர்களுக்கான இல்லத்தை நடத்திய யோஹான் ஹின்ரிச் விச்சர்ன் என்ற லூத்தரன் போதகர், கிறிஸ்துமஸ் எப்போ வரும் எப்போ வரும் என்று கேட்ட பிள்ளைகள் நாளை எண்ணிக்கொள்ள, ஒரு சக்கரத்தில் திரிகளை வைத்து நாளுக்கு ஒன்றாகக் கொளுத்தினார் என்பார்கள். கத்தோலிக்க வீடுகளுக்கு அது பிறகுதான் வந்தது.

நடைமுறைக்கு ஒரு வரி: இரவுச் சாப்பாட்டுக்கு முன் விளக்கை அணைத்து, திரியைக் கொளுத்தி, "ஆண்டவராகிய இயேசுவே, வாரும்" என்று எல்லோரும் சேர்ந்து சொல்லி, ஒரு பாட்டின் ஒரே ஒரு அடியைப் பாடுங்கள். மூன்று நிமிடம் தாண்டக் கூடாது. கொளுத்துவது பெரியவர், ஊதி அணைப்பது பிள்ளை. அணைக்கும் முறை யாருக்கு என்று அண்ணன் தங்கைக்குள் சண்டை வரும்; பெயர் எழுதி முறை வைத்துவிடுங்கள். திரி எரியும்போது பெரியவர் ஒருவர் மேசையைவிட்டு எழுந்து போகவே கூடாது. காய்ந்த இலை சட்டென்று பற்றிக்கொள்ளும். வாரம் ஒரு முறை மாற்றுங்கள். தவழும் பிள்ளை இருக்கும் வீட்டில் பேட்டரி விளக்கு வைப்பதில் குறை ஒன்றும் இல்லை.

டிசம்பர் ஒண்ணாந்தேதியே குடில், நட்சத்திரம் எல்லாம் வெச்சுடலாமா? 26-ஆம் தேதி எடுத்துடலாமா?

வைக்கலாம், தடை ஒன்றும் இல்லை. ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் வைத்து முடித்துவிட்டால் காத்திருப்பதற்கு என்ன மிச்சம்? திருவருகைக் காலமே காத்திருக்கும் காலம். முதல் வாரம் வெறும் கொட்டகை. அடுத்து ஆடு மாடுகள். அப்புறம் மரியாவும் சூசையும் வீட்டின் வேறொரு மூலையிலிருந்து நடந்து வரட்டும். தீவனத்தொட்டி 24-ஆம் தேதி இரவு வரை காலியாகவே இருக்கட்டும். பாலன் இயேசுவைக் கொண்டுவந்து கிடத்துவது வீட்டிலேயே சின்னப் பிள்ளையின் வேலை.

மூன்று ஞானிகள் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்தவர்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அவர்கள் 25-ஆம் தேதி கிளம்புவது புத்தக அலமாரியின் மேல்தட்டிலிருந்து. மறுநாள் ஜன்னல் விளிம்பு, அடுத்த நாள் தையல் மெஷின், அப்புறம் தொலைக்காட்சிப் பெட்டியின் ஓரம். ஐந்து வயது மகன் காலையில் எழுந்ததும் முதலில் தேடுவது அவர்களைத்தான். ஒரு நாள் ஒட்டகத்தை மட்டும் தண்ணீர்க் குவளைக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்திருந்தான், அதற்குத் தாகமாம். திருக்காட்சிப் பெருவிழா அன்று அவர்கள் குடிலை அடைவார்கள். அந்தப் பெருவிழா ஜனவரி 6; பல நாடுகளில் அதையொட்டிய ஞாயிறுக்கு மாற்றிக் கொண்டாடுகிறார்கள்.

ஆகவே 26-ஆம் தேதி எடுக்க வேண்டாம். கிறிஸ்து பிறப்புக் காலம் ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை ஓடுகிறது. 26 புனித ஸ்தேவான், 27 புனித யோவான், 28 மாசில்லாக் குழந்தைகள், ஜனவரி 1 மரியா இறைவனின் தாய். கடைகள் அலங்காரத்தைக் கழற்றும் நேரத்தில்தான் நமக்குக் கொண்டாட்டம் தொடங்குகிறது. வாங்கிய பரிசுகளை ஒரே நாளில் பிரித்துத் தீர்க்காமல், ஒன்றைத் திருக்காட்சிக்கு எடுத்து வைத்தால் பிள்ளைக்கு இது தானாகவே விளங்கும். புனித பிரான்சிஸ் அசிசியார் 1223-ல் கிரெச்சோவில் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்திக் குடில் அமைத்தது கண்ணால் பார்க்க வேண்டும் என்ற ஆசையில்தான். நம் வீட்டுக் குடிலையும் பிள்ளை கையால் தொடட்டும். ஒன்றிரண்டு பொம்மை உடைந்தால் உடையட்டும்.

சாண்டா கிளாஸ் வருவார்னு சொல்லலாமா?

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: விளையாட்டாகச் சொல்லுங்கள், உண்மை என்று சாதிக்காதீர்கள். ஒரு நாள் பிள்ளை, "சாண்டா பொய்யா? அப்போ இயேசு?" என்று கேட்கும். அந்த இடத்தில் நம் வார்த்தை தடுமாறக் கூடாது.

சொல்வதற்கு உண்மையான ஆளே இருக்கிறாரே! புனித நிக்கொலாஸ் நான்காம் நூற்றாண்டில் மீராவின் ஆயராக இருந்தவர். அந்த ஊர் இன்றைய துருக்கியில் இருக்கிறது. கல்யாணச் செலவுக்கு வழியில்லாத மூன்று பெண்களின் வீட்டுக்குள் இரவோடிரவாகப் பொற்காசுப் பைகளைப் போட்டுவிட்டுப் போனார் என்று மரபுக் கதை சொல்கிறது. அவருடைய நாள் டிசம்பர் 6. அன்று பிள்ளை யாருக்கும் தெரியாமல் ஒருவருக்கு நல்லது ஒன்று செய்யட்டும். பெயர் சொல்லாமல் கொடுப்பதில் பிள்ளைகளுக்கு வரும் குறுகுறுப்பைப் பார்த்தால் நீங்கள் சாண்டாவைத் தேட மாட்டீர்கள்.

தவக்காலத்துல பிள்ளைங்களும் ஒருசந்தி இருக்கணுமா?

சட்டப்படி இல்லை. ஒரு வேளை மட்டும் முழுச் சாப்பாடு என்ற ஒருசந்தி 18 வயது நிறைந்தவர்களுக்கு, அறுபதாம் வயது தொடங்கும்வரை. இறைச்சி தவிர்க்கும் சுத்தபோசனம் 14 வயது நிறைந்தவர்களுக்கு. தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனும், இயேசு சிலுவையில் இறந்த பெரிய வெள்ளியும் இரண்டுக்கும் உரிய நாள்கள். வளரும் பிள்ளையைப் பட்டினி போட வேண்டாம். அதே சட்டம், வயது நிறையாத பிள்ளைகளுக்கும் உண்மையான தவ உணர்வை ஊட்டும் பொறுப்பைப் பெற்றோருக்கும் மேய்ப்பர்களுக்கும் கொடுக்கிறது (திருச்சபைச் சட்டத் தொகுப்பு, எண் 1252). அதனால் பிள்ளைகளுக்கு இதில் ஒன்றுமே இல்லை என்றும் விட முடியாது.

என்ன செய்யலாம்? எதை விடுவது என்று பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும், அது சின்னதாக இருக்கட்டும். ஆறு வயதுக்காரி ஒருத்தி, தம்பியிடம் "என்னுது" என்று சொல்லப் போவதில்லை என்று முடிவெடுத்தாள். பெரியவர்களின் ஒறுத்தல்களைவிட அது கடினம். விட்டதனால் மிச்சமானது இன்னொருவருக்குப் போய்ச் சேருவதைப் பிள்ளை கண்ணால் பார்க்க வேண்டும். ஒரு காலி டப்பாவில் மேலே கீறி உண்டியல் செய்து வையுங்கள். தவறிப்போனால் திட்டாதீர்கள். "சரி, நாளைக்கு மறுபடி ஆரம்பிக்கலாம்" என்பதுதான் தவக்காலப் பேச்சு.

திருநீறு பூசிக்கொள்ள வயது வரம்பு கிடையாது. கைக்குழந்தைக்கும் பூசலாம்.

தவக்காலம் 40 நாள்னு சொல்றாங்க. என் பொண்ணு எண்ணிப் பார்த்துட்டு 46 வருதுங்கறா.

நன்றாக எண்ணியிருக்கிறாள். திருநீற்றுப் புதனிலிருந்து புனித சனி வரை 46 நாள். அதில் ஆறு ஞாயிறு. ஞாயிறு உயிர்ப்பின் நாள் என்பதால் நோன்பு நாளாக எண்ணும் வழக்கம் இல்லை. கழித்தால் 40. (திருவழிபாட்டுக் கணக்கில் தவக்காலம் பெரிய வியாழன் மாலைத் திருப்பலிக்கு முன்பே முடிந்துவிடுகிறது, அவள் இன்னும் கொஞ்சம் வளர்ந்ததும் சொல்லுங்கள்.) வீட்டில் ஒரு தாளில் 40 கட்டம் போட்டு, நாளுக்கு ஒன்றாக ஊதா அடிக்கச் சொல்லலாம். ஞாயிறுகளை மஞ்சளாக நடுவில் செருகிவிடுங்கள்.

பெரிய வெள்ளியை எப்படிச் சொல்றது? சிலுவையைப் பார்த்து என் பிள்ளை பயந்து அழறா.

அழுவது சரியான பதில்தான். அங்கே நடந்தது அழ வேண்டிய ஒன்று. சின்னப் பிள்ளைக்கு வேதனையின் விவரங்கள் தேவையில்லை: சாட்டை, முள், ஆணி என்று ஒவ்வொன்றாக விவரிக்காதீர்கள். "இயேசுவைச் சிலர் கொன்னுட்டாங்க. அவர் நம்மேல இருந்த அன்பை விடவே இல்ல. மூணாம் நாள் எழுந்துட்டார்." நான்கு ஐந்து வயதுக்கு இது முழுக்கதை. இந்த வயதில் உயிர்ப்பைச் சொல்லாமல் சாவை மட்டும் சொல்லி நிறுத்தக் கூடாது. பிள்ளையால் இரண்டு நாள் அந்தப் பாரத்தைத் தாங்க முடியாது. "உன் பாவத்தாலதான் இயேசு செத்தார், குறும்பு பண்ணாதே" என்று பயமுறுத்துவதை அடியோடு விட்டுவிடுங்கள். அந்த வயதில் அது மனந்திரும்புதலைத் தராது, பயத்தை மட்டும்தான் தரும்.

சிலுவைப் பாதையின் 14 நிலைகளையும் சொல்ல வேண்டாம். வெரோனிக்கா முகம் துடைப்பது, சீமோன் சிலுவை தூக்க உதவுவது, தாயைச் சந்திப்பது என்று மூன்று நிலை போதும். மூன்றிலும் யாரோ இயேசுவுக்கு உதவுகிறார்கள் அல்லது கூட நிற்கிறார்கள், பிள்ளை தன்னை அங்கே வைத்துப் பார்க்கும். துயரமான படங்களுக்கு முன்னால் நிறுத்தி வைக்காதீர்கள்.

அன்று கோவிலில் திருப்பலி இல்லை, பீடம் வெறுமையாக இருக்கும், மணி ஒலிக்காது. இந்த வெறுமையைப் பிள்ளைகள் பெரியவர்களைவிடக் கூர்மையாகக் கவனிக்கிறார்கள். வீட்டிலும் செப மேசையின் துணி, பூ எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒரு சிலுவையை மட்டும் வையுங்கள். சிலுவை முத்தி செய்ய வரிசையில் நிற்கும்போது, முத்தம் கொடுக்கச் சொல்லி வற்புறுத்த வேண்டாம், தொட்டாலும் போதும். ஒரு முறை எனக்கு முன்னால் நின்ற குட்டிப் பையன் பாதத்தில் இருந்த ஆணியைச் சுட்டுவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, சிலுவையை ஏந்தி நின்றவரிடம், "இதைப் பிடுங்கிடுங்க" என்றான். அவனுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

ஈஸ்டர் ஒரே நாள்ல முடிஞ்சுபோகுது. தவக்காலத்துக்குச் செஞ்ச அளவு அதுக்குச் செய்ய மாட்டேங்கறோமே?

உண்மை. 40 நாள் ஒறுத்தலுக்கு அட்டவணை போடும் நாம், 50 நாள் மகிழ்ச்சிக்கு ஒன்றும் வைப்பதில்லை. பாஸ்கா காலம் தூய ஆவியார் பெருவிழா வரை 50 நாள் நீளம். முதல் எட்டு நாளும் பெருவிழா நாள்கள் மாதிரியே. எட்டாம் நாள் இறை இரக்க ஞாயிறு.

செய்ய எளிதானவை உண்டு. பிள்ளையின் திருமுழுக்குத் திரியைத் தேடி எடுத்து, அந்த 50 நாளில் ஞாயிறுதோறும் கொளுத்துங்கள். திருமுழுக்கு அன்று அது, உயிர்த்த இயேசுவைக் குறிக்கும் பெரிய பாஸ்கா திரியிலிருந்துதான் பற்றவைக்கப்பட்டது. தவக்காலம் முழுக்க திருப்பலியில் அல்லேலூயா பாடுவதில்லை. அதனால் தவக்காலத்துக்கு முந்தின நாள் பிள்ளைகளை ஒரு அட்டையில் "அல்லேலூயா" என்று வண்ணம் தீட்டி எழுதச் செய்து, பெட்டிக்குள் பூட்டி வைத்துவிடுங்கள். உயிர்ப்பு ஞாயிறு காலையில் எடுத்துச் சுவரில் ஒட்டலாம். 50 நாளும் அங்கேயே இருக்கட்டும். விண்ணேற்றத்துக்கும் தூய ஆவியார் பெருவிழாவுக்கும் இடையே ஒன்பது நாள், மரியாவும் திருத்தூதர்களும் கூடி வேண்டிய நாள்கள். நவநாளின் மூலமே அதுதான். அந்த ஒன்பது நாளும் "தூய ஆவியாரே வாரும்" என்ற ஒரு வரிச் செபம் போதும்.

உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின இரவு நடக்கும் பாஸ்கா திருவிழிப்புக்குப் பிள்ளையைக் கூட்டிவரலாமா என்றும் கேட்பார்கள். பகலில் தூங்க வைத்துவிட்டுக் கூட்டி வாருங்கள். இருட்டில் மூட்டும் புது நெருப்பையும் கோவில் முழுக்கப் பரவும் வெளிச்சத்தையும் பார்த்துவிட்டு, வாசகங்களின் நடுவில் மடியில் தூங்கிப்போனால் போகட்டும்.

மீதி நாளெல்லாம் பொதுக்காலம்தானே, அப்போ என்ன செய்ய?

33 அல்லது 34 வாரம் வரும் காலம் அது. குடும்பத்தின் சொந்தத் திருநாள்களுக்கு அதில் நல்ல இடம் உண்டு. பிள்ளையின் பெயர் கொண்ட புனிதரின் நாளைக் கண்டுபிடியுங்கள். திருமுழுக்குப் பெற்ற நாளையும் எழுதி வையுங்கள். திருத்தந்தை பிரான்சிஸ் அந்தத் தேதியைக் கண்டுபிடித்து நினைவில் வைத்துக்கொள்ளும்படி பலமுறை கேட்டுக்கொண்டார். தேதி தெரியாதவர்கள் திருமுழுக்குப் பெற்ற பங்கில் கேட்டால் பதிவேட்டைப் பார்த்துச் சொல்வார்கள். அன்று ஞானப்பெற்றோருக்கு ஒரு போன் போட்டு, பிள்ளையைப் பேச விடுங்கள்.

பிள்ளைகளாகவே இருந்த புனிதர்களையும் சொல்லுங்கள். போர்ச்சுகலின் பாத்திமாவில் மாதாவின் காட்சி கண்ட பிரான்சிஸ்கோ பத்து வயதிலும் ஜசிந்தா ஒன்பது வயதிலும் இறந்தவர்கள். 2017 மே 13 அன்று புனிதர்களானார்கள். பதினைந்து வயதில் இறந்த கார்லோ அகுதிஸ் 2025 செப்டம்பர் 7 அன்று. கம்ப்யூட்டரில் ஆர்வம் கொண்ட புனிதர் என்றதும் பையன்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். அக்டோபர் 2, காவல் தூதர்கள் நாளையும் விட்டுவிடாதீர்கள்.

அக்டோபர்ல செபமாலை சொல்ல உட்கார்ந்தா ஒருத்தன் உருளறான், ஒருத்தி தூங்கறா.

ஐந்து பத்தையும் சொல்லித் தீரவேண்டும் என்று சட்டம் இல்லை. சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டில் ஒரு பத்து மணி போதும். எந்த மறையுண்மையோ அதற்கு ஒரு படத்தை முன்னால் வையுங்கள், ஒவ்வொரு அருள்நிறை மந்திரத்தையும் ஒருவர் தொடங்கட்டும், மணியை உருட்டும் பொறுப்பு சின்னவனுக்கு. பெரியவர்கள் மீதியைப் பிள்ளைகள் தூங்கியபின் சொல்லிக்கொள்ளலாம். மே மாத மாதா வணக்கத்துக்கும் இதே வழிதான்.

நவம்பர்ல கல்லறைக்குப் பிள்ளையைக் கூட்டிட்டுப் போகலாமா?

போகலாம், போக வேண்டும். நவம்பர் 1 அனைத்துப் புனிதர்கள், 2 இறந்த நம்பிக்கையாளர் அனைவரின் நினைவு. பிள்ளைக்கு இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். 1 முதல் 8 வரை கல்லறைத் தோட்டத்துக்குப் போய் இறந்தோருக்காக வேண்டினால், வழக்கமான நிபந்தனைகளோடு அவர்களுக்காகப் பரிபூரண பலன் (பாவத்துக்குரிய தண்டனை முழுவதும் நீங்கும் பலன்) பெறலாம். "தாத்தா எங்கே?" என்று கேட்டால், "கடவுள்கிட்ட. நாம அவருக்காக வேண்டிக்கிறோம்" என்று சொன்னால் போதும். "தூங்குகிறார்" என்று மட்டும் சொல்லாதீர்கள், சில பிள்ளைகள் அப்புறம் தூங்கவே பயப்படும்.

என் கணவர் கத்தோலிக்கர் இல்ல. வீட்ல இதெல்லாம் செஞ்சா சங்கடமா இருக்குமோன்னு பயம்.

முதலில் அவரிடம் கேளுங்கள். பல வீடுகளில் இந்தப் பயம் நம் மனதில் மட்டும்தான் இருக்கிறது. பிள்ளைகளைக் கத்தோலிக்க நம்பிக்கையில் வளர்க்கத் தன்னால் இயன்றதைச் செய்வேன் என்று திருமணத்தின்போது வாக்குக் கொடுப்பது கத்தோலிக்கத் துணை. மற்றவர் அந்த வாக்கைக் கொடுப்பதில்லை, அது அவருக்குத் தெரிவிக்கப்படுகிறது. ஆகவே பொறுப்பு உங்களுடையது, அவர்மேல் சுமத்தாதீர்கள்.

அவரால் மனசாட்சிக்கு விரோதமில்லாமல் சேர முடிந்த இடங்கள் நிறைய இருக்கும். குடிலுக்குக் கொட்டகை செய்வது, ஏழைக்கு உதவும் உண்டியலைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது, விழா நாளில் பாட்டுக் கேட்பது. செபத்தில் உட்காரவில்லை என்றால் பிள்ளை முன்னால் அதைப் பேச்சாக்க வேண்டாம். அவருடைய வீட்டார் கொண்டாடும் நாள்களைக் கேலியாகப் பேசுவதும் கூடாது. தாய் மதிப்போடு நடந்துகொள்வதைப் பார்த்துத்தான் பிள்ளை தாயின் நம்பிக்கையையும் மதிக்கும்.

ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம். எனக்குக் கைவேலையும் வராது. இதெல்லாம் நமக்கு ஆகுமா?

ஆகும். மேலே சொன்னதில் பாதி கைவேலையே இல்லை: துணி மாற்றுவது, நெற்றியில் சிலுவை, திரி கொளுத்துவது. இணையத்தில் பார்க்கும் அலங்காரங்களோடு உங்கள் வீட்டை ஒப்பிடாதீர்கள். பெருவிழா வேலைநாளில் வந்து ஒன்றும் செய்ய முடியாமல் போனால், ஞாயிறுகளும் பெருவிழாக்களும் முந்தின நாள் மாலையிலேயே தொடங்கிவிடுகின்றன என்பதை நினைவில் வையுங்கள். முந்தின மாலை கிடைக்கும் பத்து நிமிடமும் விழாவின் நேரம்தான்.

ஒன்று மட்டும் குறையக் கூடாது: வீட்டில் செய்வது கோவிலுக்குக் கூட்டிப்போக வேண்டும். குடும்பத்தை இல்லத் திருச்சபை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-ல் சொன்னது. வீடு கோவிலுக்கு மாற்று என்று சொல்லவில்லை. அழகான அலங்காரம் செய்து களைத்துப்போய்த் திருப்பலியைத் தவறவிடுவதைவிட, ஒன்றுமே ஜோடிக்காமல் குடும்பமாகப் பீடத்தின் முன் நிற்பது மேல்.

பெரியவனுக்குப் பத்து வயசு. 'இதெல்லாம் சின்னப் பசங்களுக்கு'ங்கறான்.

அவனை நடத்துபவனாக மாற்றுங்கள். வாசகத்தை அவன் படிக்கட்டும், ஞானிகளை நகர்த்தும் இரகசிய வேலை அவனுக்கு, உண்டியல் பணம் எங்கே போக வேண்டும் என்பதும் அவன் முடிவு. பீடச் சிறுவனாகச் சேர விருப்பமா என்று பங்குத்தந்தையிடம் பேசலாம். அவன் கேட்கும் கேள்விகளும் மாறியிருக்கும்: வானதூதர் மரியாவுக்குச் செய்தி சொன்னதைக் கொண்டாடும் மார்ச் 25-க்கும் டிசம்பர் 25-க்கும் நடுவில் சரியாக ஒன்பது மாதம் இருப்பதையும், திருமுழுக்கு யோவானின் பிறப்பு ஏன் ஜூன் 24 என்பதையும் லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்தை வைத்து அவனையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பாட்டுப் பாட வெட்கப்பட்டால் விட்டுவிடுங்கள், கூட உட்கார்ந்திருந்தால் போதும்.

இந்த வருஷம் எங்க அம்மா தவறிட்டாங்க. கிறிஸ்துமஸ் கொண்டாடலாமா, வேண்டாமா?

திருச்சபை தடுக்கவில்லை. வெளி ஆடம்பரத்தைக் குறைத்துக்கொள்வது உங்கள் மனதைப் பொறுத்தது, அதில் யாரும் குறை சொல்ல முடியாது. திருப்பலியையும் வீட்டுச் செபத்தையும் விட வேண்டாம். அடக்கத் திருப்பலியில் பெட்டியின் அருகே எரிந்த பாஸ்கா திரிதான் திருமுழுக்கிலும் எரிவது. இறந்தவர்களை நினைக்கவும் பிறந்த இயேசுவைக் கொண்டாடவும் நமக்கு இருப்பது ஒரே நம்பிக்கைதான்.

பிள்ளைகள் முன்னால் அழுகையை மறைக்க வேண்டாம். "பாட்டி இல்லாம இருக்கறது எனக்குக் கஷ்டமா இருக்கு, அதனால இந்த வருஷம் கொஞ்சமாச் செய்றோம்" என்று நேராகச் சொல்லுங்கள். ஒன்றும் சொல்லாமல் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டால், தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதாகச் சின்னப் பிள்ளை நினைத்துக்கொள்ளும். பாட்டி வழக்கமாகச் செய்த ஒரு வேலையை, அது குடிலுக்கு நட்சத்திரம் கட்டுவதோ முதல் திரியைக் கொளுத்துவதோ, அவர் பெயரைச் சொல்லிப் பிள்ளையிடம் கொடுக்கலாம். அவருக்காக ஒரு திருப்பலி ஒப்புக்கொடுக்க விரும்பினால் பங்கு அலுவலகத்தில் முன்கூட்டியே பூசைக்கருத்து எழுதிக் கொடுங்கள். டிசம்பர் நாள்கள் சீக்கிரமே நிரம்பிவிடும்.